கூடம் கோணலாகத்தான் இருந்தது

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்னும் பழமொழியை என் மகள்மீது எறிந்தவன் நான். எறிந்த கல் என்மீதே வந்து விழுந்தது. பிள்ளைகளுக்கு இசைக்கருவி வாங்கிக் கொடுக்க எண்ணும் பெற்றோருக்குப் பயன்படலாம் என்பதால் அக்கதையை இங்கே எழுதுகின்றேன்.

கிற்றார் நமக்குப் புதியதன்று. பைலாப் பாட்டோடு கொழும்பில் நெடுங்காலம் பழகிய வாத்தியம் அது. 1960, 70களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் பாடல்களோடு தமிழ் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. ஆகவே மகள் கேட்டபோது நான் மறுக்கவில்லை. வெறுமனேயும் வாசிக்கலாம், ஒலிபெருக்கியில் இணைத்தும் வாசிக்கலாம் என்னும் வகையில், விலை குறைந்த ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

"விரல் நோகுது, அப்பா" என்றாள். முதலில் எல்லோருக்கும் நோகத்தான் செய்யும் என்றேன். மூன்றாம் மாதம் கருவி அலுமாரியின் மேல் ஏறிவிட்டது. அப்பொழுதுதான் அந்தப் பழமொழியைச் சொன்னேன். அவள் மறுமொழி கூறவில்லை.

வந்த விலைக்கு விற்றுவிடுவோம் என்று, ஒரு சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் புகைவண்டி ஏறி மருதானையில் இறங்கினேன். அங்கே ஓர் ஒடுங்கிய சந்தில் வாத்தியங்கள் திருத்தும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் கருவியை வாசித்துப் பார்க்கவில்லை. தச்சன் பலகையைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி அதன் கழுத்தை நோக்கினார். பின் பன்னிரண்டாம் மெட்டின்மேல் அளவுகோலை வைத்து, தடித்த தந்தியின் உயரத்தை அளந்தார்.

"நாலு மில்லிமீற்றர். இதை நான் வாசித்தாலும் விரல் நோகும், மாஸ்ரர்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் விளக்கியதன் சாரம் இது. கிற்றாருக்கும் வீணையைப் போலவே மெட்டும் குதிரையும் உண்டு. மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி மிகுந்தால் விரல் நோகும். அழுத்தும்போது சுருதியும் பிசகும். தடித்த தந்திக்கு ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றரும் மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீற்றரும் போதும். மலிவான கருவிகளை ஆலையில் இவ்வாறு ஒவ்வொன்றாகச் சீர்செய்து அனுப்புவது அரிது.

ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். அதனால் கழுத்து முன்னோக்கி வளைகின்றது. கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கி அவ்வளைவைத் திருத்தலாம். ஆனால் ஒரே தடவையில் காற்சுற்றுக்கு மேல் முறுக்கலாகாது. கழுத்து நிமிர்ந்ததும் எங்கள் கருவியின் உயரம் 3.5 ஆகக் குறைந்தது. மிகுதி ஒரு மில்லிமீற்றரைக் குறைக்க, குதிரையின்மேல் தந்திகளைத் தாங்கும் வெண்ணிறப் பட்டியில் இரண்டு மில்லிமீற்றர் தேய்க்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நட்டநடுவில் இருப்பதே அதற்குக் காரணம்.

அந்தப் பட்டியின் அடியைச் சமமாகத் தேய்ப்பதில் அவர் காட்டிய கவனத்தைக் கண்டு வியந்தேன். சிலவகைப் பளிங்குகளை அழுத்தினால் மின் பிறக்கும் என்பதைக் கியூரி சகோதரர் 1880இல் கண்டறிந்தனர். அத்தகைய பொருளாலான மெல்லிய நாடா ஒன்று பட்டியின் அடியிற் கிடக்கின்றது; தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றுவது அதுவே. பட்டியின் அடி மேடுபள்ளமானால், ஒலிபெருக்கியில் ஒரு தந்தி உரக்கவும் மற்றொன்று மெலிந்தும் ஒலிக்கும்.

புறப்படும்போது இன்னும் சில சொன்னார். இணைப்புக் கம்பியைச் செருகி வைத்திருக்கும்வரை உள்ளிருக்கும் 9 வோல்ற் பற்றரி தேய்ந்துகொண்டே இருக்கும். வாசித்து முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கடற்காற்றில் தந்தி துருப்பிடிக்கும். ஒவ்வொரு நாளும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். முகப்பு ஒட்டுப்பலகைதானே என்று குறைப்பட்டேன். "முழுமரத்தின் நாதம் இதற்கு இல்லைத்தான். ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் முழுமரம் அளவுக்கு இது ஊதாது" என்றார். அவர் பெற்ற கூலி கருவியின் விலையில் பத்திலொரு பங்குகூட இல்லை.

யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகன், தன்னிடம் நீட்டிய யாழ்களை மரத்திற் குற்றம், நரம்பிற் குற்றம் என ஆராய்ந்து விலக்கியதாகத் திருத்தக்கதேவர் பாடியிருக்கின்றார். சீவக சிந்தாமணியின் அப்பகுதியைப் பலமுறை படித்தவன் நான். இருந்தும், என் வீட்டுப் பெண் கருவியிற் குறை சொன்னபோது அதை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது மாலைதோறும் உள்ளறையிலிருந்து கிற்றார் ஒலி கேட்கின்றது. சுருதி சில வேளை தவறுகின்றது, தாளமும் தவறுகின்றது. அந்தப் பழமொழியை மட்டும் நான் வீட்டில் எடுப்பதில்லை.