சம்பா கோயிலின் வடபுறச் சுவர்: கட்டடம் சொல்லும் சாட்சியம்

புதுச்சேரி மிஷன் வீதியில் நடப்பவர்கள் அமலோற்பவ அன்னை பேராலயத்தின் முகப்பை நிமிர்ந்து பார்க்காமல் கடப்பதில்லை. கீழடுக்கிலும் மேலடுக்கிலும் இணை இணையாக நிற்கும் தூண்கள், இரு புறமும் கோபுரங்கள், உள்ளே நீண்ட வளைகூரை, பீடத்துக்கு முன்னால் கும்மட்டம். பாரீசின் வால் தெ கிராஸ் ஆலயத்தின் சாயல் இதில் இருப்பதாகச் சொல்வார்கள். ஊர் மக்களுக்கு இது சம்பா கோயில். புனித பவுலைக் குறிக்கும் போர்த்துக்கீசியப் பெயர் தமிழ் நாவில் ‘சம்பாவுலு’ ஆகி, பின் சம்பா ஆயிற்று.

இந்த ஆலயத்தின் கட்டட வரலாற்றைச் சொல்லும் கையேடுகளில் டச்சுப் படையும் ஆங்கிலப் படையும் இடித்தவை தவறாமல் இடம்பெறுகின்றன. இதே இடத்தில் நின்ற முந்தைய ஆலயத்துக்குள் எழுப்பப்பட்டு, பறையர் கிறித்தவர்களின் முறையீட்டால் இடிக்கப்பட்ட ஒரு சுவரைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. அந்தச் சுவர் பழங்கதை அன்று. தலித் கிறித்தவர்களின் அட்டவணைச் சாதி உரிமை குறித்த இன்றைய வழக்காடலோடு அது நேரடியாகத் தொடர்புடையது.

நான்கு முறை எழுந்த ஆலயம்

சேசு சபையினர் 1689-இல் புதுச்சேரிக்கு வந்தனர். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பொருளுதவியுடன் நிலம் வாங்கி, 1692-இல் முதல் ஆலயத்தைக் கட்டினர். மறு ஆண்டே ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதை இடித்தனர். அடுத்து அவசரமாக எழுப்பப்பட்ட இரண்டாம் ஆலயமும் நிலைக்கவில்லை. மூன்றாவதாக 1728-இல் தொடங்கி 1736-இல் முடிக்கப்பட்ட பேராலயம் 1761-இல் ஆங்கிலப் படை நகரையே தரைமட்டமாக்கியபோது அழிந்தது. இன்று நாம் காணும் நான்காம் ஆலயத்தின் பணி 1770-இல் தொடங்கியது. 1791 ஜூன் 20 அன்று அது அருச்சிக்கப்பட்டது.

பிரெஞ்சு ஆட்சிக்கால நகரின் அமைப்பையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். கப்புச்சின் துறவிகள் ஐரோப்பியரின் ஞானக் காரியங்களைக் கவனித்தனர். அவர்கள் பெயரால் இன்றும் தூமா வீதி ஆலயம் ‘கப்ஸ் கோயில்’ எனப்படுகிறது. சேசு சபையினர் தமிழரிடையே பணியாற்றினர். நகரம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. தமிழர் நகரத்து ஆலயமோ உள்ளுக்குள் சாதியால் பிரிக்கப்பட்டிருந்தது.

1745: சுவரும் முறையீடும்

இதற்கான சாட்சியம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் உள்ளது. பின்னாளில் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியான அவர் கிறித்தவர் அல்லர். சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்டவர். 1745 அக்டோபர் மாதப் பதிவில் அவர் எழுதும் செய்தி இது. சம்பா கோயிலுக்குள் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. அதன் ஒருபுறம் பறையர் கிறித்தவர்களும் மறுபுறம் மற்றவர்களும் இருந்து பூசை கண்டனர். காரைக்கால் ஆலயத்துக் குரு புதுச்சேரிக்கு வந்த சமயத்தில் பறையர் கிறித்தவர்கள் திரண்டு முறையிட்டனர். எங்களையும் கிறித்தவர்களாக்கினீர்கள், பின் ஏன் இந்தச் சுவர் என்பதே முறையீட்டின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்து குருவோடு சண்டையிட்டனர்.

சட்டம் படித்தவளாக இந்தப் பதிவில் நான் கவனிப்பவை மூன்று. முதலாவது, சுவரை அகற்றியது வெறும் மிஷனரிக் கருணை அன்று. ஒடுக்கப்பட்டவர்கள் கூட்டாக வைத்த கோரிக்கை அதற்கு முன்னே நிற்கிறது. இரண்டாவது, பதிவு செய்தவருக்குக் கோரிக்கையாளர்கள்மீது தனிப்பட்ட பரிவு இருக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. சாட்சியச் சட்டத்தின் நோக்கில், தனக்கு ஆதாயமில்லாத ஒன்றைச் சொல்பவரின் சொல்லுக்கு எடை கூடுதல். மூன்றாவது, துபாஷிகளும் முதலிமாரும் நாட்குறிப்பில் பெயரோடு வாழ்கிறார்கள். சுவரை எதிர்த்தவர்கள் சாதிப் பெயரால் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள். ஓர் ஆலயத்தின் கட்டட அமைப்பையே மாற்றியவர்களுக்கு வரலாற்றில் பெயரில்லை.

அதே 1745-இல் நடந்த இன்னொரு நிகழ்வையும் பிள்ளை பதிகிறார். அன்றைய தலைமைத் துபாஷி கனகராய முதலி கிறித்தவர். புதுச்சேரியை அடுத்த ஒழுகரை கிராமத்தில் ஆலயம் எழுப்பி, அதற்கான விழாவில் எல்லாச் சாதியாருக்கும் விருந்து வைத்தார். விருந்து சாதி வழக்கத்துக்குச் சற்றும் குறைவின்றி, அவரவர்க்குத் தனித்தனியாக நடந்தது. நகர ஆலயத்தில் சுவர் விழுந்தது. கிராம ஆலயத்தின் பந்தியில் கல்லும் சுண்ணாம்பும் இல்லாமலே சுவர் நின்றது.

சுவரை எழுப்பிய சமரசம்

சாதியை ஒரு சமூக வழக்கமாக மட்டும் கருதி அதனோடு ஒத்துப்போவது மதுரை மிஷனின் தொடக்கக் காலக் கொள்கை. இந்தச் சமரசம் ஐரோப்பாவிலேயே சர்ச்சையானது. அதை விசாரிக்கத் திருத்தந்தையின் தூதரான துர்னோன் 1703-இல் புதுச்சேரிக்கே வந்தார். 1704-இல் அவர் இங்கிருந்து பிறப்பித்த ஆணை, நோயுற்ற பறையர் கிறித்தவர்களின் வீட்டுக்குள் குருக்கள் செல்ல மறுப்பதைக் கண்டித்தது. நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 1744 செப்டம்பரில் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை உறுதி செய்தார். அதே நேரத்தில், பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை நியமிப்பதாகச் சேசு சபையினர் முன்வைத்த ஏற்பாட்டையும் அவர் ஏற்றார். கண்டித்த கையே பிரிவினைக்கு வழியும் விட்டது. புதுச்சேரிச் சுவர் இடிந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

வடக்கன்குளம்: நீதிமன்றம் ஏறிய சுவர்

1745-இல் இடிந்த சுவர், தமிழ்நாட்டு ஆலயங்களில் வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்தது. இதன் உச்சம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம். 1872-இல் அங்கே கட்டப்பட்ட ஆலயத்தின் வரைபடமே சாதியை அடித்தளமாகக் கொண்டது. ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள் சாய்வாக வந்து சேர்ந்தன, இடையில் சுவர். ஒன்றில் வெள்ளாளரும் அவர்களைச் சார்ந்தோரும், மற்றொன்றில் நாடார்களும். இரு தரப்பும் பீடத்தைக் காணலாம். ஒருவரை ஒருவர் காண வேண்டியதில்லை. காற்சட்டையின் இரு கால்களைப் போன்ற வடிவம் என்று மக்கள் கேலி பேசும் அளவுக்கு அது பெயர் பெற்றது.

1910-இல் திருச்சபை அந்தச் சுவரை இடித்தது. பிள்ளைமாரும் முதலிமாரும் சுவரை மீண்டும் கட்டித் தரக் கோரி வழக்குத் தொடுத்தனர். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற அந்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1917-ஆம் ஆண்டு ஏ.ஐ.ஆர். தொகுப்பில் அத்தீர்ப்பு உள்ளது. கிறித்தவ வழிபாட்டில் சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அதன் விளைவு. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் உறுப்பு பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்த நல்ல தீர்ப்பு அது.

எறையூர்: நம் காலத்துச் சுவர்

2008 மார்ச் 9. உளுந்தூர்ப்பேட்டை அருகிலுள்ள எறையூர், புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த பழைய பங்கு. சம்பா கோயில்தான் அந்த மறைமாவட்டத்தின் பேராலயம். அங்கே செபமாலை அன்னை ஆலயத்துக்குச் செல்லும் முதன்மைப் பாதையில் தம் இறந்தோரின் உடலை எடுத்துச் செல்ல முடியவில்லை என்பது தலித் கிறித்தவர்களின் நீண்ட காலக் குறை. தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டும் என்று அவர்கள் கோரினர். வன்முறை வெடித்தது; தலித் வீடுகள் தாக்கப்பட்டன; காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் தரப்பில் இருவர் உயிரிழந்தனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவரும் இதே வரலாற்றின் பகுதியே. 1745-இல் பூசைக்குள் நின்ற பிரிவினை பாதைக்கும் கல்லறைக்கும் இடம் பெயர்ந்திருக்கிறது.

சட்டம் எழுப்பிய சுவர்

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேவாலயங்களுக்கும் பொருந்தும். பொது வழிபாட்டிடத்தில் நுழையவும், அதே மதத்தைச் சேர்ந்த பிறரைப் போலவே வழிபடவும் தீண்டாமையின் பெயரால் தடுப்பது 3-ஆம் பிரிவின்படி குற்றம். பாதை, இடுகாடு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடுப்பது 4-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் 12-ஆம் பிரிவைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவர் அட்டவணைச் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என நீதிமன்றம் முன்னனுமானம் கொள்ள வேண்டும். மறுத்து மெய்ப்பிக்கும் சுமை எதிரியுடையது. தலித் கிறித்தவர் சட்டத்தின் கண்ணில் அட்டவணைச் சாதியினர் அல்லர். ஆகவே அவருக்கு இந்த முன்னனுமானம் இல்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

இந்த விலக்கின் வேர் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ஆம் பத்தி. புதுச்சேரிக்கென 1964-இல் பிறப்பிக்கப்பட்ட தனி ஆணையிலும் இதே விலக்கு உள்ளது: இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் அட்டவணைச் சாதியினராகக் கருதப்பட மாட்டார்.

1985-இல் சூசை எதிர் இந்திய ஒன்றியம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஒருவர், பிற தொழிலாளர்களுக்கு வழங்கப்பட்ட சிறு கடை தமக்குக் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டதை எதிர்த்தார். மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது; அதன் இழிவும் இடர்ப்பாடும் புதிய மதச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்வதை மெய்ப்பிக்க வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

கிறித்தவத்தில் சாதிக்கு இடமில்லை என்ற வாதம் வடக்கன்குளத்தில் ஆதிக்க சாதியினரின் சுவரை மறுக்க உதவியது. அதே வாதம் அரசு ஆணையில் ஒடுக்கப்பட்டோரின் பாதுகாப்பை மறுக்கவும் உதவுகிறது. கோட்பாட்டில் சாதி இல்லை என்பதும் நடைமுறையில் சாதி இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை மெய்ப்பிக்கும் ஆதாரம் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் கிடக்கிறது. சுவர், தனிக்கூடம், தனிப்பாதை, தனிக்கல்லறை ஆகியவை எவருடைய உணர்வும் அல்ல. அளந்து, படமெடுத்து, வரைபடமாக்கி நீதிமன்றத்தில் வைக்கக்கூடிய பொருட்சான்றுகள்.

செய்ய வேண்டியவை

மதம் மாறிய தலித்துகளுக்கு அட்டவணைச் சாதித் தகுதியை மறுக்கும் 3-ஆம் பத்தியை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் 2022 அக்டோபரில், நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை ஒன்றிய அரசு அமைத்தது. இத்தகைய ஆணையங்களின் முன்னும் நீதிமன்றங்களின் முன்னும் வாய்மொழிச் சாட்சியத்தோடு கட்டடச் சாட்சியத்தையும் வைக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் ஆலயத்தின் வாயில்கள், தேர்ப்பாதை, சவப்பாதை, கல்லறை எல்லை ஆகியவற்றை அந்தந்த ஊர் இளைஞர்களே ஆவணப்படுத்தலாம். பழைய பங்குப் பதிவேடுகளையும் வரைபடங்களையும் ஆய்வுக்குத் திறந்துவிட வேண்டியது மறைமாவட்டங்களின் கடமை. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு தொடர்வதை இந்திய ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டுள்ளது. ஒப்புக்கொண்டவர்கள் ஆவணங்களைப் பூட்டி வைக்க நியாயமில்லை.

சம்பா கோயிலுக்கும் ஒரு கடன் இருக்கிறது. அந்த இடத்தில் நின்ற ஆலயங்களை இடித்த படைகளின் பெயர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1745-இல் தம்மைப் பிரித்த சுவரை எதிர்த்து நின்றவர்களுக்கு அதே வளாகத்தில் ஒரு கல்வெட்டு நிறுவப்பட வேண்டும். அவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் செய்தது கிடைத்திருக்கிறது. அதை எழுதி வைக்க ஒரு கல் போதும்.