முதலில் ‘வேண்டாம்’ என்பவர் யார்?

கைக்கூலி தவறென்று தெரிந்தும், ஊரே வாங்குகிறதே என்று நாமும் பணிந்துவிடுகிறோம். ஏன்?

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் ஒரு சோதனை நடத்தினார். மூன்று கோடுகளில் எது காட்டிய கோட்டுக்குச் சம நீளம் என்பதே கேள்வி. உடனிருந்தவர்கள் முன்பே பேசிவைத்தபடி தவறான விடை சொன்னார்கள். சோதனைக்கு வந்தவரின் விடைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அவர்களோடு சேர்ந்து தவறியது. ஆனால் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது, அந்தத் தவறு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

எதிர்த்து நிற்க ஒரு துணை போதும். ஆகவே, மஹர் கொடுத்து, கைக்கூலி வாங்காமல் நிக்காஹ் முடிக்கும் குடும்பத்தார் அதை நிச்சயத்தின்போதே சபையில் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். தயங்கி நிற்கும் இன்னொரு தகப்பனாருக்கு அதுவே பலமாகும், இன்ஷா அல்லாஹ்.