டர்போவுக்கு ஒரு கடிவாளம்

சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்னும் இந்த எளிய உண்மை, கார்ப் பிரியர்கள் பலரின் எஞ்சினைப் பதம் பார்த்திருக்கிறது. எவ்வாறு என்று காண்போம்.

ஓர் எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறதோ அதற்கேற்ற அளவு பெட்ரோலைத்தான் அதனால் எரிக்க முடியும். சாதாரண எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. கடல் மட்டத்தில் அது ஏறக்குறைய 1 பார். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றி, அதனுடன் இணைந்த அமுக்கியால் கூடுதல் காற்றை உள்ளே திணித்தால் என்ன? இக்கருத்துக்கு வித்திட்ட காப்புரிமையை 1905-இல் பதிவு செய்தவர் ஆல்ஃபிரட் பூக்கி என்னும் சுவிஸ் பொறியாளர். இன்றைய கார்களின் டர்போ அதன் வழித்தோன்றலே. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் அது சுழலும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. புகை மிகுந்தால் சுழலியின் வேகம் மிகும். உட்செல்லும் காற்று மிகும். அதனால் எரிதல் மிகும். எரிதல் மிகுந்தால் மறுபடி புகை மிகும். இந்தச் சுழற்சியை அறுப்பதற்கென்றே 'வேஸ்ட்கேட்' என்ற சிறு கதவு இருக்கிறது. அது திறந்தால் புகையின் ஒரு பகுதி சுழலியைத் தொடாமலே வெளியேறிவிடும். கதவைத் திறப்பது ஒரு ரப்பர் சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் டர்போ அமுக்கிய காற்று. மறுபக்கம் ஒரு சுருள்வில். சவ்வின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். வளிமண்டலத்தைவிட 0.5 பார் கூடுதலான அழுத்தம் அதன்மேல் 100 நியூட்டன் விசையைச் செலுத்தும். சுருள்வில்லும் அந்த அளவில் விட்டுக்கொடுக்கும்படி அமைந்திருந்தால் கதவு திறக்கும், அழுத்தம் 0.5 பாரோடு நிற்கும். பிரஷர் குக்கரின் குண்டு செய்யும் வேலையும் இதுதான்.

ஆசை இங்கேதான் தலைகாட்டுகிறது. ஜப்பானிய டர்போ கார்களை வாங்கித் தம் விருப்பம்போல் மாற்றியமைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 0.5 பார் போதாது, 0.8 வேண்டும். அதற்காக அவர்கள் வாங்கும் கருவியே பூஸ்ட் கன்ட்ரோலர். பெயரைப் பார்த்து அது அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று எண்ணிவிட வேண்டாம். டர்போவிலிருந்து சவ்வுக்குச் செல்லும் சிறு குழாயின் நடுவே அமர்ந்துகொண்டு அது பொய் சொல்கிறது, அவ்வளவுதான்! உள்ளே 0.8 பார் இருக்கும்போது சவ்வுக்கு 0.5 மட்டுமே போய்ச்சேரும்படி செய்கிறது. சவ்வு ஏமாந்து, அதுவரை கதவைத் திறக்காமல் இருக்கிறது. பொய்யை எவ்வளவு குறைத்தாலும் உண்மைக்குக் கீழே போக முடியாதல்லவா? ஆகவே சுருள்வில் அனுமதிக்கும் 0.5 பாருக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் அழுத்தத்தை இறக்க இயலாது.

இனி, சைக்கிள் பம்புக்கு வருவோம். 27 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், இழப்பே இல்லாத அமுக்கியிலும் அதன் வெப்பநிலை 93 டிகிரிக்கு ஏறும். நடைமுறையில் 120 டிகிரியை எட்டும். சூடான காற்று விரியும். எனவே அழுத்தம் இருமடங்கானாலும் சிலிண்டருக்குள் புகும் காற்றின் நிறை ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். (இக்காற்றைக் குளிர்விக்கவே இன்டர்கூலர் வைக்கிறார்கள்.) பின்னர் பிஸ்டன் அதை மேலும் அமுக்குகிறது. அளவு மீறினால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே ஓரத்தில் உள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். இதுவே 'நாக்கிங்'. சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். நீடித்தால் பிஸ்டன் உடையும்.

1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார் இதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தது. திரவம் தீர்ந்தால் அழுத்தம் தானே குறையும்படியும் செய்திருந்தார்கள். ஆனால் உரிமையாளர்கள் பலர் தொட்டியை நிரப்பவே மறந்தார்கள். 1963-உடன் அந்தக் கார் நின்றுபோயிற்று. சுவீடனின் சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏற்பாடு இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. எஞ்சின் உடலிலேயே தட்டல் அதிர்வை உணரும் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். தட்டல் கேட்டதும் மின்காந்த வால்வு ஒன்று அழுத்தத்தைக் குறைக்கும். அடங்கியதும் மறுபடி உயர்த்தும். எஞ்சினின் குரலைக் கேட்டு நடக்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

கடையில் வாங்கும் கருவிகள் எல்லாம் இப்படிக் காது உள்ளவை அல்ல. மலிவானது, காற்றைச் சிறிது வெளியே கசியவிடும் திருகு. அடுத்தது, ஒரு குண்டும் சுருள்வில்லும் கொண்டது. குறித்த அழுத்தம் வரும்வரை குண்டு வழியை அடைத்து நிற்பதால் வேஸ்ட்கேட் அரைகுறையாகத் திறந்து புகையை வீணாக்காது, டர்போவும் விரைவில் வேகம் பிடிக்கும். இவ்விரண்டும் முன்பே திருகிவைத்தபடி நடப்பவை. விளைவு என்னவாயிற்று என்று பார்ப்பதில்லை. மின்னணுக் கன்ட்ரோலரோ அழுத்தத்தை அளந்து, வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, நொடிக்குப் பலமுறை வால்வைத் திறந்து மூடித் திருத்திக்கொள்கிறது. இதைத்தான் பின்னூட்டம் என்கிறோம். விலை கூடுதல்தான், இருப்பினும் என் ஓட்டு இதற்கே. ஆனால் ஒன்று: கூடுதல் காற்றுக்கேற்ற பெட்ரோலை அனுப்புவது இதன் வேலையன்று. எஞ்சினின் கணினியை அதற்கேற்பத் திருத்தாவிட்டால் பெட்ரோல் பற்றாமல் போய், எந்தக் கருவியும் எஞ்சினைக் காப்பாற்றாது.

வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. கருவிக்கு வரும் மின்சாரம் அறுந்துபோனால் என்ன ஆகும்? நல்ல அமைப்பில், மின்சாரம் நின்ற வால்வு முழு அழுத்தத்தையும் சவ்வுக்கே அனுப்பும்; கதவு திறக்கும்; கார் 0.5 பாரோடு மெதுவாக வீடு வந்து சேரும். வால்வின் குழாய்களை மாற்றிப் பொருத்திவிட்டாலோ, சவ்வுக்குச் செல்லும் ரப்பர் குழாய் கழன்றுவிட்டாலோ கதவு திறக்கவே திறக்காது.