பணம் போகும் பாதை – 17: வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் ஒரு நிதி ஆலோசகர் தரகு நிறுவனத்தை விட்டு விலகுவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான். அடுத்து வரும் திங்கள் அரசு விடுமுறை என்றால் இன்னும் தோது. ராஜினாமா கடிதம் கிளை மேனேஜர் கைக்குப் போன சில நிமிடங்களில் அவருடைய கணினி முடக்கப்படும். அவர் கவனித்துவந்த குடும்பங்களின் பட்டியல், கிளையில் மிச்சமிருக்கும் ஆலோசகர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். மாலைக்குள் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கிவிடும்: "அவர் இப்போது இங்கே இல்லை. இனி உங்கள் கணக்கை நான்தான் பார்த்துக்கொள்ளப் போகிறேன்." அதே நேரத்தில், பெயிண்ட் வாசனை போகாத புது அலுவலகத்தில் உட்கார்ந்து விலகியவரும் அதே குடும்பங்களை அழைத்துக்கொண்டிருப்பார். சனி, ஞாயிறு சந்தை கிடையாது. பழைய நிறுவனத்தின் வக்கீல்கள் தடை உத்தரவு கேட்டு நீதிமன்றம் போக வேண்டுமானாலும் பொதுவாகத் திங்கள்வரை பொறுக்க வேண்டும். அந்த இரண்டு நாளில் முந்துகிறவர் பக்கம் பல லட்சம் டாலர் சாய்ந்துவிடும்.

தரகு நிறுவனங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அங்கேயே பத்து, இருபது வருடம் இருந்தவர்கள் ஏன் வெளியேறுகிறார்கள், அப்போது அவர்களை நம்பிப் பணத்தை ஒப்படைத்தவர்கள் கதி என்ன என்பது இந்த வாரம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலரின் சேமிப்பும் இத்தகைய நிறுவனங்களில்தான் இருக்கிறது.

முதல் காரணம் வருமானம். அதை மறைக்க வேண்டியதில்லை. மெரில் லிஞ்ச், மோர்கன் ஸ்டான்லி, யுபிஎஸ், வெல்ஸ் ஃபார்கோ ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களில் ஆலோசகர் கொண்டுவரும் ஒவ்வொரு 100 டாலர் வருவாயிலும் அவர் கைக்கு வருவது ஏறக்குறைய 40 டாலர், கொஞ்சம் கூடலாம், குறையலாம். மிச்சம் கட்டடத்துக்கும், பெயருக்கும், சட்டப் பிரிவுக்கும், பங்குதாரர்களின் லாபத்துக்கும் போகும். எல்பிஎல் போன்ற சுதந்திர ஆலோசகர்களுக்கான தரகு நிறுவனத்தின் குடையின் கீழ் போனால் 80, 90 டாலர்கூடக் கிடைக்கும். ஆனால் வாடகை, உதவியாளர் சம்பளம், மென்பொருள், காப்பீடு எல்லாம் சொந்தச் செலவு. எவர் குடையும் வேண்டாம் என்று பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகராகத் தனிக்கடை போட்டால் கட்டணம் முழுவதும் அவருடையது, பொறுப்பும் முழுவதும் அவருடையது. நிர்வகிக்கும் தொகை சுமார் 10 கோடி டாலருக்கு மேல் போனால் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்இசியிடமும், அதற்குக் கீழே என்றால் பொதுவாக மாநில அரசிடமும் பதிவு செய்ய வேண்டும்.

பணத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் கனமானது. 1914-இல் சார்லஸ் மெரில் தொடங்கிய நிறுவனம், நடுத்தரக் குடும்பங்களைப் பங்குச் சந்தைக்கு அழைத்துவந்த நிறுவனம், 2008 செப்டம்பர் 15 அன்று பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு விலை போவதாக அறிவிப்பு வந்தது. லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்ட அதே நாள். நான்கு மாதம் கழித்து, தன் தரகுப் பிரிவான ஸ்மித் பார்னியை மோர்கன் ஸ்டான்லியோடு கூட்டுத் தொழிலாகச் சேர்ப்பதாக சிட்டி குழுமம் அறிவித்தது. "எங்கள் பணம் பத்திரமா?" என்று வாடிக்கையாளர்கள் பதறிக் கேட்டபோது, ஆலோசகருக்கே செய்தி தொலைக்காட்சி மூலம்தான் தெரிந்திருந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லி நம்பிக்கை வாங்கியவர்கள், அந்தப் பெயர் ஒரு வார இறுதியில் கைமாறுவதைப் பார்த்தார்கள். அதன்பின் வங்கியின் கடன்களையும் மற்றச் சேவைகளையும் வாடிக்கையாளரிடம் கொண்டுபோகும் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது. நம்பிக்கை என் மேல்தானே, இந்தப் பெயர் எதற்கு என்ற எண்ணம் பலருக்கு அப்போதுதான் வேர்விட்டது.

வெளியே போக வழி முன்பே தயாராக இருந்தது. 1792-இல் நியூயார்க்கில் 24 தரகர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தொடங்கி, 1975 மே 1 வரை அமெரிக்காவில் தரகுக் கமிஷன் பேரம் பேச முடியாத ஒன்று. அந்த மே மாதம் அது ஒழிந்தது. சார்லஸ் ஷ்வாப் போன்ற மலிவுக் கட்டணத் தரகர்கள் வளர்ந்தார்கள். பின்னாளில் அதே நிறுவனமும் ஃபிடெலிட்டியும் தனி ஆலோசகர்களின் வாடிக்கையாளர் பணத்தை வைத்துக்காக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டன. அதாவது ஆலோசனை ஒருவர் சொல்வார், பணமும் பங்குகளும் இன்னொருவரிடம் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கும், மாதக் கணக்கு அங்கிருந்து நேராக வீட்டுக்கு வரும். 2008 டிசம்பரில் மோசடியில் பிடிபட்ட பெர்னார்ட் மேடாஃப் விஷயத்தில் இந்தப் பிரிவினை இல்லை. முதலீட்டை நடத்தியதும், சொத்து தன்னிடம் இருப்பதாகக் கணக்கு அனுப்பியதும் அவருடைய நிறுவனமேதான். இல்லாத பங்குகளை இருப்பதாக வருடக்கணக்கில் தாளில் காட்ட முடிந்தது அதனால்தான். தனி ஆலோசகரிடம் போகிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பணம் யாரிடம் இருக்கும் என்பதே.

இனி அந்தப் பட்டியல் சண்டைக்கு வருவோம். 2004 வரை ஒவ்வொரு விலகலும் ஒரு வழக்கு. இன்று மெரில் லிஞ்ச் ஸ்மித் பார்னி மீது போடும், நாளை ஸ்மித் பார்னி மெரில் லிஞ்ச் மீது போடும். ஆள் பிடிப்பதும் ஆள் இழப்பதும் எல்லாருக்கும் உண்டு என்பதால் இந்த வழக்குகளில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. கடைசியில் இந்த இரண்டும் யுபிஎஸ்ஸும் உட்கார்ந்து ஒரு சமாதான ஒப்பந்தம் எழுதின. புரோக்கர் புரோட்டோகால் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். வாடிக்கையாளரின் அந்தரங்கத்தையும் தேர்வு உரிமையையும் காப்பதே நோக்கம் என்று அதன் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் கையெழுத்திட்டது நிறுவனங்கள் மட்டும்தான்.

விலகும் ஆலோசகர் ஐந்து விவரங்களை எடுத்துப் போகலாம்: வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கணக்கு எந்த வகைப் பெயரில் இருக்கிறது என்பது. ஆறாவதாக ஒரு தாளும் போகக் கூடாது. ராஜினாமா எழுத்தில் இருக்க வேண்டும். அதோடு, எடுத்துப் போகும் பட்டியலின் பிரதியையும் மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பிரதியில் மட்டும் கணக்கு எண்கள் இருக்க வேண்டும், தன் கையில் வைத்துக்கொள்ளும் பிரதியில் இருக்கக் கூடாது. அப்படி இரண்டு விதமாக அச்சிட்டு, இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வெள்ளிக்கிழமையின் மிக முக்கியமான வேலை. புது இடத்தில் சேரும்வரை வாடிக்கையாளரிடம் "என்னோடு வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பழைய இடமும் புது இடமும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. ஆகவே தனிக்கடை போடுகிறவர், அந்தக் கடை எவ்வளவு சிறிதானாலும், அதை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டுத்தான் ராஜினாமா கடிதத்தைத் தொடுவார்.

பதின்மூன்று வருடம் இது ஓடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன, அவற்றில் பல சின்னஞ்சிறு ஆலோசனை நிறுவனங்கள். பெரியவர்களுக்கு இங்கேதான் கணக்கு இடித்தது. தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளப் போட்ட பாலத்தில் எல்லாரும் ஒரே திசையில், வெளியே நடந்துகொண்டிருந்தார்கள். சின்ன நிறுவனங்களிலிருந்து பெரிய இடத்துக்குத் திரும்பி வருபவர்கள் குறைவு. 2017 அக்டோபர் 30 அன்று மோர்கன் ஸ்டான்லி தான் விலகுவதாக அறிவித்தது. அந்த வார வெள்ளிக்கிழமையே அது நடைமுறைக்கு வந்தது. போக நினைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது நான்கே நாள். டிசம்பர் 1 முதல் யுபிஎஸ்ஸும் வெளியேறியது. மெரில் லிஞ்சும் வெல்ஸ் ஃபார்கோவும் உள்ளேயே நின்றன.

ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள நிறுவனத்திலிருந்து போகிறவர் நிலைமை கடினம். பட்டியலைத் தொட்டால் வணிக ரகசியத் திருட்டு என்று வழக்கு வரும். நினைவில் இருக்கும் பெயர்களை வைத்துப் பொதுவெளியில் கிடைக்கும் எண்களைத் தேட வேண்டும். புது இடத்தில் சேர்ந்திருப்பதாக அறிவிக்கலாம்; வரச்சொல்லி அழைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய கோடு எங்கே என்று நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு தீர்மானிக்கிறார்கள்.

இதற்கும் மேலே கடன் கட்டு ஒன்று இருக்கிறது. பெரிய நிறுவனம் ஓர் ஆலோசகரை இழுக்கும்போது கொடுக்கும் பெரும் தொகை, கணக்கில் போனஸ் இல்லை, கடன். கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்வார்கள். ஏழு, ஒன்பது வருடம் ஓடும். நடுவில் போனால் மீதியை உடனே கட்ட வேண்டும். கட்டாதவர் மீது, தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் நடுவர் மன்றத்தில் வழக்கு. ஒத்திவைத்த சம்பளத்தையும் விலகுகிறவர் இழக்கக்கூடும். ஒரு ஆலோசகர் உங்களை விட்டுப் போகாமல் பல வருடம் இருப்பதற்கு உங்கள் மேலுள்ள பற்று மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இத்தனை ஏற்பாட்டிலும் வாடிக்கையாளர் எங்கே? கணவரை இழந்த, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். கணவர் இருந்தவரை பண விஷயமெல்லாம் அவர் பொறுப்பு. இறந்த பிறகு கைபிடித்து வழிகாட்டியவர் அந்த ஆலோசகர்தான். சனிக்கிழமை காலை அவருக்கு இரண்டு அழைப்புகள் வருகின்றன. ஒருவர், போனவரைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லாமல், "இங்கேயே இருங்கள்" என்கிறார். மற்றவர், "படிவம் அனுப்புகிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். இரண்டு பேரும் அவசரப்படுத்துகிறார்கள். யோசித்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லை. இந்தக் காட்சி எனக்குக் கோபத்தைத் தருகிறது. அவருடைய வாழ்நாள் சேமிப்பை இரு தரப்பும் தங்கள் சொத்துப் பிரிவினையாக நினைத்துப் பேசுகின்றன.

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. ஃபின்ராவின் 2140-ஆம் விதிப்படி, ஆலோசகர் மாறியதை ஒட்டி வாடிக்கையாளர் கணக்கை மாற்ற எழுதிக் கேட்டால், கடன் பாக்கி இல்லாதவரை நிறுவனம் குறுக்கே நிற்கக் கூடாது. 2019-இல் வெளியிட்ட அறிவிப்பு ஒன்றில் ஃபின்ரா இதை இன்னும் தெளிவாகச் சொன்னது: இங்கேயே இருக்கலாம், போனவரோடும் போகலாம் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், போனவர் ஒப்புக்கொண்டிருந்தால், கேட்கும்போது அவருடைய தொடர்பு விவரத்தையும் தர வேண்டும். கணக்கு மாற்றமும் இப்போது கணினி வழியாகச் சில நாட்களில் முடிகிற காரியம். எல்லாமே அப்படியே போய்விடாது என்பதுதான் சிக்கல். நிறுவனத்தின் சொந்த ஃபண்டுகள் சில வெளியே மாறாது, விற்றாக வேண்டும். லாபத்தில் இருந்தால், ஓய்வூதியக் கணக்காக இல்லாதபோது, வரியும் சேர்ந்து வரும். ஆண்டுத்தொகைத் திட்டத்தை உடைத்தால் அபராதக் கட்டணம் பிடிப்பார்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு முதலீடும் அப்படியே மாறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தனியாகப் போனவர் தானாகவே நல்லவர் ஆகிவிடுவாரா? சட்டம் ஒரு விதத்தில் அவரை உயர்ந்த இடத்தில் வைக்கிறது. 1940-ஆம் ஆண்டின் முதலீட்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் வருகிறவருக்கு வாடிக்கையாளர் நலனை முன்வைக்கும் நம்பிக்கைக் கடமை இருக்கிறது என்று 1963-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. தரகர்களுக்கு நெடுங்காலம் இருந்தது, விற்கும் பொருள் பொருத்தமானதாக இருந்தால் போதும் என்ற தளர்வான விதி. 2020 ஜூனில்தான் அது இறுகியது. ஆனால் சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் என்ற கட்டணத்தை வாங்கிக்கொண்டு வருடத்துக்கு ஒரு முறை மட்டும் பேசுகிற தனி ஆலோசகரும் உண்டு. தனியார் முதலீட்டு நிதியங்களும் இந்தத் துறைக்குள் வந்துவிட்டன. 2008-இல் சிகாகோவில் தொடங்கி, பெரிய நிறுவனங்களை விட்டு வந்தவர்களைச் சேர்த்து வளர்ந்த ஹைடவரில் 2018-இல் தாமஸ் எச். லீ பார்ட்னர்ஸ் பெரும்பங்கை வாங்கியது. அத்தகைய நிதியங்கள் வாங்கியதைச் சில ஆண்டுகளில் விற்று லாபம் பார்ப்பதற்காகவே வாங்குகின்றன. முதலாளி வேண்டாம் என்று வெளியே வந்தவருக்குப் புது முதலாளி வரும் நாளில், அந்தச் சனிக்கிழமை அழைப்பு மறுபடியும் வரலாம்.

ஆகவே "உங்களோடு வரச் சொல்கிறீர்களே, உங்கள் நிறுவனத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு? என் கட்டணம் தவிர வேறு யாரிடமிருந்தாவது உங்களுக்குப் பணம் வருகிறதா? இந்த மாற்றத்தால் எனக்கு ஆகும் செலவு என்ன?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பதில்களில் பெரும்பகுதியை ஃபார்ம் ஏடிவி என்ற ஆவணத்தில் ஆலோசகர் ஏற்கெனவே அரசிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். எஸ்இசியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அதன் இரண்டாம் பகுதியை எப்படிப் படிப்பது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)