சொல்லும் மருந்தாகும்

உடற்பிணிக்கு மருந்துண்டு, உள்ளப்பிணிக்குச் சொல்லும் மருந்தாகும். வெறுஞ்சொல் மூளையை மாற்றுமோ எனச் சிலர் ஐயுறுவர். கடல் நத்தை வகையொன்றை ஆராய்ந்த எரிக் காண்டெல் என்னும் அறிஞர், கற்றவை நெடுநாள் நினைவில் நிலைக்குங்கால் நரம்பணுக்களிடையே புதிய இணைப்புகள் வளர்தலைக் கண்டார். நினைவு பற்றிய ஆராய்ச்சிக்காக 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். உளமருத்துவமும் ஒருவகைக் கற்றலே. அஞ்சியவன் அச்சம் நீங்கப் பழகுங்கால், அவன் மூளையும் மாறுகின்றது.

இத்துணை ஆற்றல் வாய்ந்த சொல்லை ஆள்வோர்க்கு அறமும் வேண்டுமன்றோ? நோயாளி நம்பி உரைத்ததை மருத்துவர் பிறரிடம் கூறலாகாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதனை நோயாளியின் உரிமையாக்கியது. எனினும், பிறர்க்குத் தீங்கு நேருமெனின், அதனைத் தடுக்க வேண்டிய அளவு மட்டும் வெளியிடலாம். மறை காத்தல் மருத்துவர் கடன். உயிர் காத்தல் அதனினும் பெரிய கடன்.