மணப்பாறை சந்தையில் எண்கள் எத்தனை வகை?

மணப்பாறை என்றதும் மாடும் முறுக்கும்தான் நினைவுக்கு வரும். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் பிள்ளைகளைத் திணறடிக்கும் எண் வகைகளைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் போதும்.

முதலில் மாட்டுச் சந்தை. துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து தரகர்கள் பேரம் பேசுவார்களே... மனிதன் முதலில் எண்ணியதும் அந்த விரல்களில்தான். 1, 2, 3 என்று போகிறவை இயல் எண்கள். மாடுகளை எண்ண இவை போதும். அரை மாட்டை யாரும் வாங்குவதில்லை! எல்லா மாடும் விற்றுத் தீர்ந்துவிட்டால்? அப்போது 0 வேண்டும். அதையும் சேர்த்தால் முழு எண்கள்.

கையில் 30,000 ரூபாய். மாட்டின் விலை 40,000. கடன் சொல்லி வாங்கினால் கணக்கில் -10,000. கி.பி. 628-ல் நூல் எழுதிய பிரம்மகுப்தர், குறை எண்ணைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லே 'ருணம்', அதாவது கடன். மிகை எண்ணுக்கு 'தனம்'. குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள்.

சிக்கல் பங்கு பிரிக்கும்போதுதான் வரும். ஒரு ரூபாயை மூன்று பேர் பிரிக்க வேண்டும். தாத்தா காலத்தில் இது சுலபம். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி, மிச்சமே இல்லை. 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. ஆளுக்கு 33 போக ஒரு பைசா மிஞ்சியது. (மணப்பாறை மாட்டை ஊரெல்லாம் பாட வைத்த 'மக்களைப் பெற்ற மகராசி' வந்ததும் அதே 1957-ல்தான்.) நம் பழைய முந்திரிக் கணக்கும் இதில் தப்பவில்லை. முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. 320-ஐ மூன்றால் மீதியில்லாமல் வகுக்க முடியாது.

ஆனால் 1/3 என்று எழுதிவிட்டால் மிச்சம் கிடையாது. இப்படி ஒரு முழுவை இன்னொரு முழுவால் (0 தவிர) வகுத்து எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். தசமத்தில் எழுதினால் 0.333... என்று முடியாமல் போகும். ஆனாலும் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதான் அடையாளம்.

இனி முறுக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கை வட்டம் என்றே வைத்துக்கொள்வோம். சுற்றளவை நூலால் அளந்து, விட்டத்தால் வகுத்தால் 3-க்குச் சற்று மேலே வரும். அதுதான் பை: 3.14159265... இது முடிவதும் இல்லை, ஒரே வரிசையில் சுழல்வதும் இல்லை. எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது. எனவே விகிதமுறா எண். 2-ன் வர்க்கமூலமும் இப்படித்தான். இதுவரை பார்த்த எல்லாம் சேர்ந்தால் மெய்யெண்கள்.

பரீட்சையில் பலர் சறுக்கும் இடமும் இதுதான். பையின் மதிப்பு 22/7 என்றுதானே படித்தோம், அது பின்னம்தானே என்று கேட்பார்கள். 22/7-ஐ வகுத்தால் 3.142857142857... என்று ஆறு இலக்கங்கள் சுழலும். மூன்றாவது தசம இலக்கத்திலேயே பையிடமிருந்து விலகிவிடுகிறது. வசதிக்காக வைத்துக்கொண்ட தோராயம் அது. 22/7 விகிதமுறு எண். பை விகிதமுறா எண்.