மின்மாற்றிக்குள் ஒரு காவற்காரன்

பெரிய துணை மின்நிலையத்தின் வேலிக்கு அப்பால் நிற்கும் மின்மாற்றியை நாம் பார்த்திருப்போம். பெரியதோர் இரும்புத் தொட்டி. அதற்கு மேலே, படுக்கவைத்த பீப்பாயைப் போல ஒரு சிறு தொட்டி. இரண்டையும் சேர்க்கும் குழாயின் நடுவே, கண்ணாடிச் சாளரம் வைத்த சிறிய பெட்டி ஒன்று இருக்கும். அதன் பெயர் புக்கோல்ஸ் ரிலே. மாக்ஸ் புக்கோல்ஸ் என்பவர் 1921-இல் ஜெர்மனியில் இதனை உருவாக்கினார்.

தொட்டி நிறைய இருக்கும் எண்ணெய் கம்பிச் சுருள்களைக் குளிர்விக்கிறது. மின்சாரம் கசியாமலும் தடுக்கிறது. சுருளைச் சுற்றிய காகிதம் ஓரிடத்தில் கெட்டுவிட்டால் அங்கே சிறு தீப்பொறி எழும். உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வருவதையும் ஒப்பிடும் கருவிகளுக்கு, ஓரிரு சுற்றுகளில் நேரும் இந்தக் கோளாறு எளிதில் தெரியாது. ஆனால் எண்ணெய் மறைக்காது! சூட்டில் சிதைந்து ஹைட்ரஜன், அசெட்டிலீன் முதலிய வாயுக்களைக் குமிழ்களாக வெளியிடும். குழாய் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் குமிழ்கள் நேரே பெட்டிக்குள் வந்து தங்கும்.

பெட்டிக்குள் இரண்டு மிதவைகள். வாயு சேரச் சேர எண்ணெய் மட்டம் இறங்கும். மேல் மிதவையும் இறங்கி எச்சரிக்கை மணியை அடிக்கச் செய்யும். பெருங்கோளாறு என்றால் எண்ணெய் வெள்ளமாய்ப் பாயும். அந்த வேகம் கீழுள்ள தகட்டைத் தள்ள, மின்மாற்றிக்கு வரும் மின்சாரம் உடனே துண்டிக்கப்படும். எண்ணெய் ஒழுகிக் குறைந்தாலும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும்.

புது எண்ணெய் நிரப்பிய சில நாட்களில், உள்ளே தங்கிய காற்றுகூட மணியை அடிக்க வைப்பதுண்டு. இங்கேதான் ஆபத்து. "வெறுங்காற்றுதான்" என்று எண்ணி வாயுவை வெளியேற்றிவிட்டு வேலையைத் தொடர மனம் தூண்டும். வாயுவைச் சோதிக்காமல் அப்படிச் செய்யக்கூடாது. அசெட்டிலீன் இருந்தால் தீப்பொறி எழுந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தால் காகிதம் கருகியிருக்கக்கூடும். கீழ்ப்பகுதி மின்சாரத்தைத் துண்டித்திருந்தாலோ, காரணம் அறியாமல் மீண்டும் இணைப்பது தொட்டியை வெடிக்கச் செய்து எண்ணெயில் தீ மூட்டலாம். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே கேடு.

தொட்டிக்கு வெளியே நேரும் கோளாறுகளை இந்தக் காவற்காரன் அறியமாட்டான். ஆகையால் மின்னோட்டத்தை ஒப்பிடும் கருவியும் கூடவே இருக்கவேண்டும். மேல்தொட்டியே இல்லாமல் மூடி முத்திரையிட்ட சிறு மின்மாற்றிகளில் இவனைப் பொருத்தவும் வழியில்லை. அவற்றில் அழுத்தத்தைக் கவனிக்கும் வேறு கருவிகளை வைக்கிறார்கள்.